கூரை மேல போன பல்

கடைசி செமஸ்டர் முடியப் போகுது. ப்ராஜெக்ட் ரிவ்யூ, நோ டியூஸ், ஃபேர்வெல் எல்லாம் முடிஞ்சதும் மே மாசம் நான் தர்மபுரி பக்கத்துல இருக்கிற எங்க ஆயா வீட்டுக்குப் போறேன். உங்கள்ல பாதிப் பேர் இதே மாதிரி ஏதோ ஒரு ஊருக்குப் போவீங்க. பெரியம்மா, சித்தி, மாமா குடும்பம்னு ஒரே வீட்டுல இருபது பேர், இரண்டு மாமரம், ஒரே ஒரு பாத்ரூம்.

இந்த இதழுக்கு "கோடை விடுமுறையும் உடல்நலமும்"னு ஒரு கட்டுரை கேட்டாங்க. தண்ணி நிறைய குடிங்க, வெயில்ல சுத்தாதீங்கன்னு இரண்டு பக்கம் எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா நான் பல்லைப் பத்திதான் அதிகம் எழுதப் போறேன். காரணம் இருக்கு. நான் இங்கிலீஷ் மீடியம், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அந்த மே மாசம்

நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டு லீவுல இருந்த வருஷம். ஆயா வீட்டு வாசல்ல கிரிக்கெட். நான் பேட்டிங். என் சித்தி பையன், அப்ப அவனுக்கு எட்டு வயசு, ஸ்டம்புக்கு ரொம்பப் பக்கத்துல கீப்பிங் நின்னான். லெக் சைடுல ஒரு பந்து வந்துச்சு, முழு வேகத்துல சுத்தினேன். பேட் பந்துல படல, தம்பி வாயில பட்டுச்சு.

மேல் முன்பல் ஒண்ணு முழுசா மண்ணுல விழுந்து கிடந்துச்சு. ஒரே ரத்தம், அழுகை. ஆயா ஓடி வந்து துணியை வெச்சு அழுத்தினாங்க. "பால்பல்லுதான் கண்ணு, திரும்ப முளைக்கும்"னு சமாதானம் சொன்னாங்க. நம்ம ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும், விழுந்த பல்லை சாணியில உருட்டி கூரை மேல போடணும். நானே உருட்டி ஓட்டு மேல வீசினேன். தம்பி அழுகையை நிறுத்திட்டு அது எங்க விழுதுன்னு பார்த்தான்.

மறுநாள் வீக்கம் அதிகமானதும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போனோம். பல் டாக்டர் வாயைப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி: "பல் எங்க?"

அது பால்பல் இல்ல. நிலைப்பல். திரும்ப முளைக்காது.

பால்பல்லா, நிலைப்பல்லா: எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நாங்க இருபது பேரும் தவறவிட்ட விஷயம் இதுதான். சுமார் 6 வயசுல கீழ் முன்பல்லும், 7-8 வயசுல மேல் முன்பல்லும் மாறிடும். அதனால எட்டு வயசுப் பிள்ளையோட பெரிய முன்பல்லு பெரும்பாலும் நிலைப்பல்தான்.

வேரைப் பார்த்தாலும் தெரியும். பால்பல் தானா விழும்போது அதோட வேரை உடம்பே கரைச்சிருக்கும், அதனால சின்னத் தொப்பி மாதிரி மேல் பகுதி மட்டும்தான் கையில வரும். அடிபட்டு விழுந்த நிலைப்பல்லுக்கு நீளமான வேர் இருக்கும். நான் சாணியில உருட்டின பல்லுக்கு நீளமா வேர் இருந்துச்சு. என் கையால தொட்டும் எனக்குப் புரியல.

நிலைப்பல் முழுசா விழுந்துட்டா செய்ய வேண்டியது

1. முதல்ல ஆளைப் பாருங்க. மயக்கம், வாந்தி, தலையில பலமான அடின்னா பல்லை விடுங்க, நேரா ஆஸ்பத்திரி.

2. பல்லைத் தேடி எடுங்க. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிங்க. வேரைத் தொடக்கூடாது, தேய்க்கக்கூடாது.

3. மண் ஒட்டியிருந்தா பாலிலோ தண்ணியிலோ சில நொடி அலசினா போதும். சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம்.

4. முடிஞ்சா அதே குழியில, முன்பக்கம் முன்னாடி இருக்கிற மாதிரி திரும்பப் பொருத்தி, சுத்தமான துணியை மெதுவா கடிச்சுக்கச் சொல்லுங்க.

5. அதுக்குத் தைரியம் இல்லைன்னா ஒரு டம்ளர் பால்ல போடுங்க. காகிதத்துலயோ கைக்குட்டையிலயோ சுத்தி வைக்காதீங்க.

6. உடனே பல் டாக்டர்கிட்ட போங்க. அரை மணி நேரத்துக்குள்ள போனா ரொம்ப நல்லது. வேர் ஒரு மணி நேரத்துக்கு மேல காய்ஞ்சிருந்தா வாய்ப்பு ரொம்பக் குறையும். அப்பவும் பல்லைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஏன் பால்? வேர் மேல உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கும். பல்லை எலும்போட மறுபடி பிணைக்கப் போறது அதுங்கதான். சாதாரணத் தண்ணியில போட்டு வெச்சா சவ்வூடு பரவல் மூலமா தண்ணி உள்ளே புகுந்து அந்தச் செல்கள் வெடிச்சிடும். பாலோட உப்பு அடர்த்தி நம்ம உடம்புச் செல்களுக்கு நெருக்கமா இருக்கு, அமிலத்தன்மையும் ரொம்பக் குறைவு. பிளஸ் டூ உயிரியல்ல ஆஸ்மாசிஸ் படிச்சு முழு மார்க் வாங்கினவன் நான். மாட்டுக்கொட்டகையில பால் இருந்துச்சு. இரண்டையும் சேர்க்கத் தெரியல.

ஒரு விதிவிலக்கு: விழுந்தது உண்மையிலேயே பால்பல்னா திரும்பக் குழியில வைக்கக்கூடாது. கீழே வளர்ற நிலைப்பல்லு பாதிக்கப்படும். சந்தேகம்னா பால்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முடிவு பண்ணட்டும்.

வெயிலும் பிஎச் கணக்கும்

அடி படாமலும் பல் போகும். அது மெதுவா நடக்கிறதால யாரும் கவனிக்கிறதில்ல.

நம்ம பல்லோட மேல் உறை எனாமல். உடம்புலயே ரொம்பக் கடினமான பொருள் அதுதான். ஆனா வாயில பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே போனா அது கரைய ஆரம்பிக்கும். கரைஞ்சு குழி விழுந்த எனாமல் திரும்ப வளராது, அதை உண்டாக்குற செல்கள் பல் முளைச்சதும் போயிடும்.

இப்ப கணக்கு. கோலா வகைக் குளிர்பானங்களோட பிஎச் சுமார் 2.5. பிஎச் ஒரு லாகரிதம் அளவுகோல். 5.5-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் 3, அப்படின்னா அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு. எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட இதே இடத்துலதான் நிக்குது. அதோட 300 மில்லி குளிர்பானத்துல சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும், ஏழெட்டு டீஸ்பூன். உணவுல தனியா சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள்ள வெச்சுக்கிறது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே பாட்டில்ல அன்னைய கணக்கு முடிஞ்சது.

இதுல முக்கியமானது எவ்வளவு சாப்பிடுறோம்கிறதை விட எத்தனை தடவை சாப்பிடுறோம்கிறதுதான். இனிப்பு வாய்க்குள்ள போன சில நிமிஷத்துல பாக்டீரியா அதை அமிலமா மாத்தும். எச்சில் அதைச் சரி பண்ணி பழைய நிலைக்குக் கொண்டு வர சுமார் அரை மணி நேரமாவது ஆகும். நம்ம டியூட்டி சைக்கிள் மாதிரி யோசிங்க. மூணு வேளைச் சாப்பாடுன்னா ஒன்றரை மணி நேரம் அமிலத் தாக்குதல். ஆயா வீட்டுல என்ன நடக்குது? காலையில பூஸ்ட், பத்து மணிக்கு மாம்பழம், பதினொண்ணுக்கு குச்சி ஐஸ், அப்புறம் ரஸ்னா, முறுக்கு, அதிரசம், திரும்ப மாம்பழம்னு பத்து தடவை. அஞ்சு மணி நேரம்! எச்சில் வேலை செய்ய இடைவெளியே இல்ல.

அதனால மாம்பழத்தை விட்டுடுங்கன்னு சொல்ல மாட்டேன். எங்க ஊர்ல அப்படிச் சொன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவாங்க. மதியச் சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிடுங்க, அப்புறம் தண்ணியால வாய் கொப்பளிங்க. உடனே பிரஷ் பண்ணாதீங்க. அமிலத்துல இளகின எனாமலைத் தேய்ச்சே எடுத்துடுவோம், அரை மணி நேரம் கழிச்சுப் பண்ணுங்க. பல்லிடுக்குல மாங்காய் நார் மாட்டினா தாலிக்கயிறுல இருக்கிற ஊக்கை எடுத்துக் குத்துற பழக்கம் எங்க பெரியம்மாவுக்கு உண்டு. ஈறு கிழியும். மருந்துக்கடையில பல்லிடுக்கு நூல் கிடைக்குது. வறுத்த புளியங்கொட்டை, ஐஸ் கட்டி இரண்டையும் கடிச்சுப் பல்லு விரிசல் விட்டா அதுக்கு நீங்களே பொறுப்பு.

தாகத்துக்கு என்ன குடிக்கலாம்?

கத்திரி வெயில்ல உடம்புல தண்ணி குறைஞ்சா எச்சிலும் குறையும், பல்லுக்கு இருக்கிற காவல் போயிடும். அதனால தண்ணி குடிக்கிறது இரண்டுக்குமே மருந்து. பானைத் தண்ணி, உப்பு போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ், இளநீர், நுங்கு எல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு.

வயித்துப்போக்கு, வாந்தின்னா ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா பாக்கெட்டை 1 லிட்டர் குடிதண்ணியில முழுசா கலந்து 24 மணி நேரத்துக்குள்ள குடிக்கணும். பாதிப் பாக்கெட்டைக் குத்துமதிப்பா ஒரு டம்ளர்ல போடக்கூடாது, உப்பு அளவு தப்பிடும். பாக்கெட் கிடைக்கலைன்னா 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி.

யாராவது வெயில்ல உளற ஆரம்பிச்சா, உடம்பு அனலா கொதிச்சா, மயங்கினா, அது சாதாரணக் களைப்பு இல்ல. உடனே 108-க்கு அடிங்க. நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க.

எங்க ஊர்த் தண்ணியும் ஃப்ளோரைடும்

சின்ன வயசுல ஊர்ப் பெரியவங்க சிரிக்கும்போது பல்லுல பழுப்புக் கோடு தெரியும். வெற்றிலைக் கறைன்னு நினைச்சேன். அது ஃப்ளோரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல பாறைகள்ல இருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீர்ல கலக்குது. பல் உருவாகிற வயசுல, அதாவது சுமார் 8 வயசு வரைக்கும், அதை அதிகமா குடிச்சா கறை பல்லுக்குள்ளேயே பதிஞ்சிடும். இதுக்காகத்தான் 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்துச்சு. குடிதண்ணியில 1 லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான் உச்ச வரம்பு. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அடர்த்தி கூடத்தான் செய்யும். அதனால இந்த மாதிரி ஊருக்குப் போனா குழந்தைங்களுக்குப் போர்வெல் தண்ணி வேண்டாம், காவிரித் தண்ணி கொடுங்க.

அப்ப பேஸ்ட்ல ஏன் ஃப்ளோரைடு? அளவுதான் விஷயம். பல்லு மேல கொஞ்சமா படுற ஃப்ளோரைடு எனாமலை அமிலத்துக்கு எதிரா பலப்படுத்தும், விழுங்கினாதான் பிரச்சினை. மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டியதில்ல. செங்கல் பொடி, கரி வேண்டாம், எனாமலைத் தேய்க்கும்.

இருபது பேர் வீட்டுல யார் யாருக்கு என்ன

கைக்குழந்தை: பால் பாட்டிலை வாயில வெச்சபடியே தூங்க வைக்காதீங்க.

பொடிசுங்க: ராத்திரி மொட்டை மாடிக்குப் படுக்கப் போறதுக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு 2 நிமிஷம் பிரஷ். தூக்கத்துல எச்சில் குறையும், அதனால ராத்திரி பிரஷ்தான் ரொம்ப முக்கியம். நுரையைத் துப்பினா போதும், சொம்பு சொம்பா கொப்பளிச்சு ஃப்ளோரைடை வெளியே அனுப்பாதீங்க.

நாம: காலையில பதினோரு மணிக்கு எழுந்து பிரஷ் பண்றதை "ஒரு நாளைக்கு இரண்டு தடவை" கணக்குல சேர்க்க முடியாது.

ஆயா, தாத்தா: சர்க்கரை நோய் இருந்தா ஈறு நோய் சீக்கிரம் வரும். ஈறு கெட்டா சர்க்கரையைக் கட்டுப்படுத்துறதும் கஷ்டம். பல் செட்டை ராத்திரி கழட்டி, தேய்ச்சு, சாதாரணத் தண்ணியில போடணும். புகையிலை சேர்க்காத பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும். வாயில புண்ணு இரண்டு வாரத்துக்கு மேல ஆறலைன்னா கண்டிப்பா டாக்டரைப் பார்க்கணும். இதை ஆயாகிட்ட சொல்றது கஷ்டம்தான். நான் இன்னும் முயற்சி பண்ணிட்டு இருக்கேன்.

கடைசியா

தம்பிக்கு இப்ப 12 வயசு. கழட்டி மாட்டுற ஒரு பல் வெச்சிருக்கான். தாடை வளர்ச்சி முடிஞ்ச பிறகுதான் நிரந்தரப் பல் பொருத்த முடியும்னு சொல்லிட்டாங்க, இன்னும் பல வருஷம் இருக்கு. நடுவுல ஒரு தடவை கழுவும்போது அது உடைஞ்சு, ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகலையாம். வாய்விட்டுச் சிரிக்கும்போது இன்னும் கை தானா வாய்க்கிட்ட போகுது. என்னை ஒரு தடவைகூட அவன் குறை சொன்னதில்ல. "விடுண்ணா, நான்தான் கிட்ட நின்னேன்"ம்பான்.

ஆயாவும் தப்பா எதுவும் பண்ணல. அவங்களுக்குத் தெரிஞ்சதை அன்பா பண்ணினாங்க. அந்த வீட்டுல பிளஸ் டூ சயின்ஸ் படிச்சவன் நான். சொல்லியிருக்க வேண்டியதும் நான்தான்.

இந்த மே மாசமும் கிரிக்கெட் இருக்கு. கீப்பர் ஆறடி தள்ளித்தான் நிக்கணும்னு ரூல் போட்டாச்சு. இதைப் படிக்கிற நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க: மேல இருக்கிற ஆறு படிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல அதுவும் இருக்கட்டும்.

நல்லா லீவைக் கொண்டாடுங்க!