உயர்மலைப் பயணமும் ஒளிப்படமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 3,500 மீட்டரை ஒட்டி மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் புல்வெளி. அதற்கும் மேல் பாறையும் பனியும். முதுகுப்பையில் கூடாரத்தையும் கேமராவையும் சுமந்துகொண்டு லடாக், ஸ்பிட்டி, உத்தராகண்ட் மலைகளுக்குச் செல்வோரிடம் சில நம்பிக்கைகள் வாய்வழியாகப் பரவியிருக்கின்றன. அவற்றில் பல, சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுபோவதால் பிறந்தவை. காற்று, குளிர், வெளிச்சம் மூன்றும் அங்கே வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

நம்பிக்கை 1: லடாக்கில் மரங்கள் குறைவு, அதனால்தான் அங்கே ஆக்சிஜன் குறைவு.

உண்மை: காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னைக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மரங்கள் இருப்பதாலோ இல்லாததாலோ அது மாறுவதில்லை. மாறுவது காற்றழுத்தம். உயரம் கூடக்கூட அழுத்தம் குறைந்து காற்று மெலிகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி.

நம்பிக்கை 2: தினமும் ஓடுகிறவருக்கு மலைநோய் வராது.

உண்மை: உடல்வலிமை ஏறும் வேகத்தைக் கூட்டும்; மலைநோயைத் தடுக்காது. வேகமாக ஏற முடிகிற இளைஞர்கள் உடலுக்கு அவகாசம் தராமல் ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் இந்த நோய் தலைகாட்டும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், இங்குள்ள மலைகளில் எடுக்கும் பயிற்சி காலுக்கு உதவுமே தவிர, மெலிந்த காற்றுக்கு உடலைப் பழக்காது.

டெல்லியிலிருந்து காலை விமானத்தில் லே போய்ச் சேருபவருக்கு முதலில் எதுவும் தெரியாது. கடைத்தெருவைச் சுற்றுவார், மடாலயப் படிகளில் ஏறுவார். பல மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாள் ஓய்வு என்பது இதற்காகத்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தின இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. படம் எடுக்கப் பகலில் உயரமான கணவாய்க்குப் போய்விட்டு, இரவு கீழே வந்து தூங்குவதில் தவறில்லை.

நம்பிக்கை 3: கற்பூரம் முகர்ந்தால் மூச்சுத்திணறல் தீரும், ஆக்சிஜன் டின் ஒன்று கையில் இருந்தால் போதும்.

உண்மை: அமர்நாத், கயிலாய யாத்திரைகளுக்குப் போகிறவர்களின் பையில் கற்பூரம் தவறாமல் இருக்கும். மூக்கிலுள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது. மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடுவதில்லை. கடைகளில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டின் சில நிமிடங்களில் காலியாகிவிடும். டயாமாக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் அது மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியது; சல்பா ஒவ்வாமை இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலும் விரலும் ஒட்டும்படி அடிமேல் அடி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.

நம்பிக்கை 4: குளிருக்கு ஒரு வாய் பிராந்தி நல்லது.

உண்மை: மது தோலருகே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு தோலுக்கு வருவதால் கதகதப்பாக இருக்கிறது; அதே சூடு உடலை விட்டு வெளியேறியும் விடுகிறது. தூக்கத்தில் மூச்சின் வேகத்தையும் மது மட்டுப்படுத்தும். காற்றே மெலிந்த இடத்தில் இது இரட்டை நட்டம்.

நம்பிக்கை 5: குளிர் இருக்கும் இடத்தில் வெயில் தாக்காது.

உண்மை: 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் தொப்பி போட்டவருக்கும் மோவாயின் அடியிலும் மூக்குத் துவாரத்திலும் தோல் வெந்துபோகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் பகல் முழுவதும் நடந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தலும் வலியும் தொடங்கும். மேகம் மூடிய நாளிலும் இது நேரும்.

நம்பிக்கை 6: குளிரில் கேமரா நின்றுவிட்டால், உடனே அடுப்பருகே கொண்டுபோக வேண்டும்.

உண்மை: பெரும்பாலும் நின்றுபோவது பேட்டரிதான். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி மின்னழுத்தம் இறங்குகிறது. கேமரா அதைக் காலி என்று எடுத்துக்கொள்கிறது. சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் அதே பேட்டரி இன்னும் பல படங்களுக்குத் தாங்கும். இரவில் அதன் இடம் ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே.

கேமராவை அடுப்பருகே கொண்டுபோவதுதான் கெடுதல். சென்னையில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்குகிறது அல்லவா, அதேதான் மலையில் தலைகீழாக நடக்கிறது. வெளியே பனியில் சில்லிட்ட லென்ஸ், தேநீர்க் கடையின் நீராவி நிறைந்த அறைக்குள் நுழைந்ததும் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். உள்ளே போகும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட வேண்டும். அது மெல்லச் சூடேறும் வரை நீர் பையின் வெளிப்பக்கத்தில் படியும்.

நம்பிக்கை 7: பனி கண்ணைக் கூசும் வெண்மை, அதனால் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுக்க வேண்டும்.

உண்மை: நேர்மாறு. கேமராவின் ஒளிமானி பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டகம் முழுக்கப் பனி இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். பனிப்படங்கள் அழுக்குத் துணிபோல் வருவதற்குக் காரணம் இதுதான். எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டினால் வெண்மை திரும்பும். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் பனியின் மணல்மணலான தோற்றமும் தங்கும்.

நம்பிக்கை 8: வானம் ஆழ்ந்த நீலமாக வர போலரைசர் ஃபில்டர் கட்டாயம்.

உண்மை: உயரத்தில் ஒளியைச் சிதறடிக்கும் காற்று குறைவு; வானம் இயல்பிலேயே கருநீலம். அதன்மேல் போலரைசரை முழுவதும் திருப்பினால் வானம் மைக்கறுப்பாகிவிடும். வைட் லென்ஸில் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் திட்டாக விழும். ஏரி நீரின் பளபளப்பைக் குறைக்க அது உதவும். அளவோடு திருப்ப வேண்டும்.

வானத்தைக் கறுப்பாக்குவது தவறு என்பதில்லை. தெரிந்து செய்ய வேண்டும். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து ஹாஃப் டோம் பாறையின் எதிரே ஏறி நின்றார். மஞ்சள் ஃபில்டரில் ஒரு படம் எடுத்த பிறகு, தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்றியது. மிஞ்சியிருந்த ஒரே தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டு எடுத்தார். அந்தப் படத்தில் பதிந்த கறுப்பு வானம் அவர் மனத்தில் முன்பே முடிவானது.

நம்பிக்கை 9: பழத்தோலும் காகிதமும் மக்கிப்போகும், மலையில் போடலாம்.

உண்மை: மக்கச் செய்வது நுண்ணுயிர்கள், குளிரிலும் வறட்சியிலும் அவை மிக மெதுவாகவே வேலை செய்கின்றன. சமவெளியில் சில வாரங்களில் மண்ணாகும் குப்பை உயர்மலையில் பல பருவங்களுக்கு அப்படியே கிடக்கும். உத்தராகண்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவில் கூடாரம் அடிப்பதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை விதித்ததற்குப் பின்னணி அந்தப் புல்வெளிகளின் சீரழிவுதான். அங்கே புல் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. மிதிபட்டு வழுக்கையான இடம் மீண்டும் பசுமையாகப் பல ஆண்டுகள் ஆகும். முதுகுப்பையில் ஏறியது எதுவானாலும், பழத்தோல் உட்பட, அதே பையில் கீழே இறங்க வேண்டும்.