கண்ணீரும் கணக்கும்: அமெரிக்க நாவல்கள் திரைப்படமானபோது

ஒரு நாவலைப் படித்தவரும் அந்நாவலின் திரைப்படத்தைப் பார்த்தவரும் ஒரே கதையை அறிந்தவர்கள் என்று பலரும் கருதுகின்றனர். ஒப்பிலக்கியம் பயில்வோர் இக்கருத்தை ஏற்றல் இயலாது. பல நூறு பக்கங்களில் விரியும் கதையை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமாயின் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். அதனைக் குறையென்று கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், எவை விடப்பட்டன, எவை வைத்துக்கொள்ளப்பட்டன என்று வரிசைப்படுத்திப் பார்க்குங்கால் அவற்றுள் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. அவ்வொழுங்கை ஆராய்வதே இக்கட்டுரை.

அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற நாவல்கள் பலவற்றில் இனமும் வர்க்கமும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகப் பின்னிக் கிடக்கின்றன. கறுப்பினத்தவர் ஒருவர் நிறத்தால் இழிவுபடுத்தப்படுகிறார். அவ்விழிவே அவருக்குக் குறைந்த கூலியாகவும் கூடுதல் வாடகையாகவும் வந்து சேர்கிறது. அதனால் இலாபம் அடைபவர் வேறொருவர். நாவலாசிரியர்கள் இழிவின் கண்ணீரையும் எழுதினர். இலாபத்தின் கணக்கையும் எழுதினர். திரைப்படங்களோ பெரும்பாலும் கண்ணீரை வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டன. இதனைச் சில சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

தணிக்கையும் வணிகமும்

ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1930ஆம் ஆண்டில் தமக்குத் தாமே ஒரு நெறிமுறைத் தொகுப்பை வகுத்துக்கொண்டனர். 1934 முதல் அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதல், மண உறவுகளைத் திரையில் காட்டலாகாது என்பதும் அதிலோர் விதி. இவ்விதி 1956இல் நீக்கப்பட்டது. 1968இல் அத்தொகுப்பே கைவிடப்பட்டு, வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. இதனோடு, தென் மாநிலத் திரையரங்குகளின் வருவாயை இழக்க விரும்பாத வணிக அச்சமும் சேர்ந்துகொண்டது. ஆகவே நாவலில் இருந்தது திரைக்கு வராமைக்கு நேரமின்மை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது.

உழைப்பு மறைந்த கதை

ஃபேனி ஹர்ஸ்ட் என்னும் பெண் எழுத்தாளரின் 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்' 1933இல் வெளிவந்தது. கணவனை இழந்த பீ என்னும் வெள்ளைப் பெண்ணும், அவள் வீட்டில் பணிபுரியும் டிலைலா என்னும் கறுப்பினப் பெண்ணும் தத்தம் மகளோடு வாழ்கின்றனர். டிலைலாவின் சமையல் கைத்திறனும் அவளுடைய முகமும் வணிகச் சின்னமாகிப் பீயைப் பெருஞ்செல்வச் சீமாட்டி ஆக்குகின்றன.

1934இல் ஜான் ஸ்டால் இயக்கிய படத்தில் இக்கணக்கு ஓரளவு இடம்பெற்றது. நிறுவனத்தில் இருபது விழுக்காட்டுப் பங்கு தர முன்வருகிறாள் பீ. டிலைலா அதனை வேண்டாவென்று கூறி, பணிப்பெண்ணாகவே இருந்துவிட விரும்புகிறாள். அவள் கைப்பக்குவத்தால் கட்டப்பட்ட மாளிகையில் பீ மாடிக்கு ஏறிச் செல்ல, டிலைலா கீழ்த்தளத்திற்கு இறங்கிச் செல்லும் காட்சி ஒன்றுண்டு. அப்படிக்கட்டு சொல்லும் செய்தியை உரையாடல் எதுவும் சொல்லவில்லை.

1959இல் டக்ளஸ் சிர்க் இக்கதையை மீண்டும் படமாக்கியபோது அவ்வணிகமே நீக்கப்பட்டது. வெள்ளைப் பெண் நாடக நடிகையாகித் தன் திறமையால் உயர்கிறாள். கறுப்பினப் பெண் ஆனி அவ்வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஆனியின் இறுதி ஊர்வலம் மிகுந்த உருக்கத்தோடு காட்டப்படுகின்றது. பார்ப்போர் கண் கலங்குவர். ஆனால் அச்செல்வத்தில் அவளுக்கு என்ன பங்கு என்னும் வினா எழுவதற்கே இப்போது இடமில்லை. கண்ணீர் பெருகியது, கணக்கு மறைந்தது.

வரிசை மாறிய இயல்கள்

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939இல் வெளிவந்தது. வறட்சியாலும் கடனாலும் ஓக்லஹோமா நிலத்தினின்று விரட்டப்பட்ட ஜோட் குடும்பம் கலிபோர்னியாவிற்குக் கூலி தேடிச் செல்லும் கதை அது. அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட ஆட்சிக்குழு தன் பொது நூலகங்களில் அதற்குத் தடை விதித்தது.

1940இல் ஜான் ஃபோர்டு இயக்கிய படம் கூலிக் கொடுமையை மறைக்கவில்லை. அத்துணிவைப் பாராட்டுதல் நம் கடன். எனினும் ஒரு மாற்றம் கருதத்தக்கது. நாவலில் குடும்பம் முதலில் அரசு முகாமில் சிறிது காலம் மானத்தோடு வாழ்கிறது. பின்னரே பழத்தோட்டத்தின் கூலிப் போராட்டத்தையும் கொலையையும் காண்கிறது. இறுதியில் வெள்ளம் சூழ்கிறது. குழந்தை இறந்தே பிறக்கிறது. அதன் தாய், பசியால் உயிர்போகும் நிலையில் இருந்த முன்பின் அறியாத ஒருவருக்குத் தன் தாய்ப்பாலை ஈவதோடு நாவல் முடிகின்றது. படத்திலோ பழத்தோட்டம் முன்னும் அரசு முகாம் பின்னுமாக வரிசை மாறியது. தாயின் நம்பிக்கை மொழியோடு படம் நிறைவுறுகின்றது. அதே நிகழ்ச்சிகள், அதே மாந்தர். ஆயினும் நாவலில் இறங்கிச் செல்லும் வாழ்வு படத்தில் ஏறிச் செல்கிறது. கணக்கை எழுதிக் காட்டிய படம், கடன் தீர்ந்துவிட்டதாகவே ஏட்டை மூடிவிட்டது.

பத்து டாலர் எங்கே?

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வெளிவந்து மறு ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் ராபர்ட் மல்லிகன் இதனைப் படமாக்கினார். பழி சுமத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்காக வாதாடும் வழக்கறிஞர் அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக் ஆஸ்கார் பரிசு பெற்றார். தோற்ற வழக்கறிஞர் வெளியேறும்போது, மாடத்தில் அமர்ந்திருந்த கறுப்பின மக்கள் அனைவரும் எழுந்து நிற்கும் காட்சியை மறந்தவர் இலர். அது நாவலிலும் உண்டு.

நாவலில் உண்டு, படத்தில் இல்லை என்னும்படியான மற்றொரு காட்சியும் இருக்கின்றது. பணிப்பெண் கல்பூர்னியா அட்டிகஸின் பிள்ளைகளைத் தம் மக்களின் தேவாலயத்திற்கு அழைத்துச் செல்கிறாள். டாம் சிறைப்பட்டபின் அவன் மனைவி ஹெலனுக்கு எவரும் வேலை தரவில்லை. அக்குடும்பத்திற்காகப் பத்து டாலர் சேரும்வரை போதகர் கதவை அடைத்து நிறுத்திக்கொள்கிறார். ஏழை மக்கள் சில்லறைகளால் அத்தொகையை நிரப்புகின்றனர். குடிப்பெருமை பேசும் அத்தை அலெக்சாண்ட்ராவும் படத்தில் இடம்பெறவில்லை. ஊரின் மக்கள் நான்கு படிகளாக நிற்பதைச் சிறுவன் ஜெம் தன் தங்கைக்கு விளக்கும் பகுதியும் நாவலோடு நின்றுவிட்டது.

இவை நீங்கியதால் நேர்ந்தது யாது? நாவலில் கறுப்பின மக்கள் தமக்குத் தாமே உதவிக்கொள்ளும் ஒரு சமுதாயம். படத்தில் அவர்கள் பெரும்பாலும் ஒரு நல்லவரின் பெருமைக்குச் சான்று கூற எழுந்து நிற்பவர்கள். எழுந்து நின்றது வந்தது. பத்து டாலர் வரவில்லை.

நாவலும் பிழை செய்யும்

நாவல் எப்போதும் உண்மை பேசும், திரைப்படமே திரிக்கும் என்று கொள்ளுதலும் தவறு. மார்கரெட் மிட்செல் 1936இல் எழுதிய 'கான் வித் த விண்ட்' அடிமைகளின் உழைப்பால் விளைந்த செல்வத்தை அன்புக் குடும்பத்தின் சொத்தாகவே சித்திரிக்கின்றது. கு க்ளக்ஸ் க்ளான் என்னும் வன்முறைக் கூட்டத்தையும் பரிவோடு காட்டுகின்றது. கறுப்பின அமைப்புகளின் எதிர்ப்பைக் கருதி, 1939ஆம் ஆண்டுப் படத்தில் அக்கூட்டத்தின் பெயரும் இழிசொல்லும் நீக்கப்பட்டன. ஆயின் சொல் நீங்கியதேயன்றி நிலை நீங்கவில்லை. அப்படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டானியல், அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சி விழாவில் நிறப் பாகுபாட்டினால் கலந்துகொள்ள இயலவில்லை. 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்விழா மண்டபத்திலும் உடன் நடித்தோரோடன்றித் தனி மேசையில் அமர்த்தப்பட்டார்.

வாடகை வாங்கிய வள்ளல்

கணக்கை முழுமையாக எழுதியவர் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட். 1940இல் வெளிவந்த அவருடைய 'நேட்டிவ் சன்' நாவலின் நாயகன் பிக்கர் தாமஸ், சிகாகோ நகரின் தென்பகுதியில் எலிகள் உலவும் ஓர் அறையில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் வாழ்கிறான். டால்டன் என்னும் செல்வர் அவனுக்குக் காரோட்டும் வேலை தருகிறார். கறுப்பின மக்களின் கல்விக்கு வாரி வழங்கும் வள்ளல் அவர். அவ்வெலி அறைக்கு மிகுதியான வாடகை வாங்கும் நிறுவனமும் அவருடையதே. பிக்கர் கொலைக் குற்றவாளியாக நிற்கும்போது, ஒரு கையால் வாங்கி மறு கையால் வழங்கும் இம்முரண்பாட்டை வழக்கறிஞர் மாக்ஸ் வினாக்களால் வெளிப்படுத்துகிறார்.

இந்நாவல் அன்றைய ஹாலிவுட்டில் படமாகவில்லை. 1951ஆம் ஆண்டின் முதற்படம் அர்ஜென்டினாவில் உருவாயிற்று. நாற்பது வயதைக் கடந்த ரைட்டே இருபது வயது பிக்கராக நடித்தார். அமெரிக்காவில் திரையிடப்பட்டபோது அதன் காட்சிகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 2019இல் வந்த மூன்றாவது படத்தில் பிக்கர் காவலரால் சுட்டுக் கொல்லப்படுகிறான். வழக்கு நடைபெறுவதே இல்லை. வழக்கு இல்லையாதலின் வாடகையைப் பற்றிய அவ்விசாரணைக்கும் இடமில்லை. தணிக்கை விதி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆனபின்பும் கணக்கே முதலில் கழிகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

மாணவர் கொள்ள வேண்டுவது

இன்று கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குத் தேர்வு எழுதும் வழக்கம் பெருகி வருகின்றது. இதனால் இழப்பது சில மதிப்பெண்கள் மட்டுமன்று. எளியோருக்கு இரங்கக் கற்றுக்கொள்கிறோம். அவர் ஏன் எளியரானார் என்று கேட்கக் கற்றுக்கொள்வதில்லை. எனவே ஒரு நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிடும்போது மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்ளுதல் நலம். இக்கதையில் உழைப்பவர் யார், பயன் கொள்பவர் யார்? யாருடைய கண் வழியாக நாம் பார்க்கிறோம்? முடிவு யாருக்கு ஆறுதல் தருகின்றது?

வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை, இறையச்சத்தால் அன்றி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது அறிவுறுத்தினார்கள். உழைப்பவரின் வியர்வை உலரும் முன்னரே கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் கூறினார்கள். நிறத்தின் நீதியும் கூலியின் நீதியும் ஒரே நாவிலிருந்து வந்தவை. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கலை பாதி உண்மையையே சொல்கிறது. மற்றப் பாதி நூலகத்தின் அடுக்குகளில் இருக்கின்றது. படம் பார்த்தவர்கள் அங்கும் சென்று அதனைப் படித்தறிதல் வேண்டும்.