டைட்டனின் உயிர்நிலை

கேள்வி: ‘அட்டாக் ஆன் டைட்டன்’ அனிமேயை வைத்து வந்த வீடியோ கேமில், வாளை எத்தனை முறை வீசினாலும் டைட்டன் சாவதில்லையே, ஏன்?

பதில்: ஜப்பானின் ஒமேகா ஃபோர்ஸ் உருவாக்கி, கோயெய் டெக்மோ 2016-இல் வெளியிட்ட விளையாட்டு இது. கதையில் உள்ளபடியே, டைட்டன் என்னும் ராட்சதனின் உயிர்நிலை பிடரி மட்டும்தான். வேறெங்கு வெட்டினாலும் அது சாகாது. ஆனால் அந்த வெட்டுகள் வீண் அல்ல. கால் போனால் டைட்டன் சரிந்துவிடும், கை போனால் வீரரைப் பிடிக்க முடியாது. வீரரின் இடுப்புக் கருவியிலிருந்து பாயும் கொக்கியைப் பிடரியில் பதித்து, வளைந்து பறந்து, வேகம் கூடியதும் வெட்ட வேண்டும். வேகம் குறைந்தால் வெட்டின் வலுவும் குறையும். இந்த ஆட்டத்தின் அழகே அந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. பறக்க உதவும் வாயுவும் வாளின் அலகும் தீர்ந்துபோகும்; களத்தில் நிற்கும் வழங்கல் வீரர்களிடம் நிரப்பிக்கொள்ளலாம். புதிதாக ஆடுபவர்கள் முதலில் காலையும் பிறகு பிடரியையும் குறிவைப்பது நல்லது.