காகித ஏற்றுமதி: இந்தியாவும் இந்தோனேசியாவும்



மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்குக் காகித வியாபாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நம்மில் சிலராவது நாளை காகித ஆலையிலோ, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலோ ஷிப்ட் பார்க்கப் போகிறோம். அந்த மெஷின் ஓடுமா, நிற்குமா என்பதில் ஏற்றுமதி, இறக்குமதிக்குப் பெரும் பங்கு உண்டு.

எங்கள் கோவளம் பக்கம் சவுக்குத் தோப்புகள் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டித்தான் செங்கல்பட்டுக் கடலோரத்தில் சவுக்கை நிறைய நட்டார்கள். இன்று அதே மரம் காகிதக் கூழாகிறது. காகிதத்தின் கதையே நாரின் கதைதான்.

ஒப்பிடும் முன் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, சுங்கக் கணக்கில் 47ஆம் அத்தியாயம் கூழும் கழிவுக் காகிதமும். 48ஆம் அத்தியாயம் காகிதமும் அட்டையும். இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. இரண்டு, டன் கணக்கையும் பணக் கணக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மூன்று, நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; இந்தோனேசியாவுக்கு ஜனவரி.

இந்தோனேசியா 1980களின் தொடக்கத்தில் காகிதத்தை வெளியிலிருந்து வாங்கிய நாடு. பிறகு சுமத்ரா காடுகளின் மரம், ஆறேழு வருடத்தில் வெட்டக்கூடிய அக்கேஷியா தோட்டம், பிரம்மாண்டமான ஆலைகள் மூன்றும் சேர்ந்தன. 1990களிலேயே பெரிய ஏற்றுமதி நாடாகிவிட்டது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. காடு அழிந்தது. அங்கிருந்து வளர்ந்த ஏ.பி.பி. குழுமம் 2001இல் சுமார் 1,400 கோடி டாலர் கடனைக் கட்ட முடியாமல் நிறுத்தியது. இயற்கைக் காட்டை இனி வெட்டுவதில்லை என்று அக்குழுமம் அறிவித்தது 2013இல்தான்.

நம் நாட்டின் பாதை வேறு. 1988 வனக்கொள்கை, ஆலைகள் மூலப்பொருளை விவசாயிகளிடம் பெற வேண்டும் என்றது. அதற்கு முன்பே தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்.) கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கப்பட்டது. 1979இல் நிறுவி, 1984இல் காகிதபுரத்தில் உற்பத்தி ஆரம்பம். அன்றைய திறன் வருடம் 90,000 டன். சர்க்கரை ஆலைக்கு வேறு எரிபொருளைக் கொடுத்துவிட்டு, அது எரிக்க வைத்திருந்த சக்கையை வாங்கிக்கொள்வார்கள். எப்படி நம்ம ஊர் மூளை! 2016இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2 லட்சம் டன் அட்டை ஆலையும் வந்தது.

இனி கணக்குக்கு வருவோம். இந்தியாவின் காகித, அட்டை ஏற்றுமதி 2016-17இல் 6.6 லட்சம் டன். 2021-22இல் 28.5 லட்சம் டன், அதாவது ஐந்தே வருடத்தில் 4.3 மடங்கு! மதிப்பு 13,963 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: டன்னுக்குச் சுமார் 49,000 ரூபாய்.

கைதட்டும் முன் காரணத்தைக் கேளுங்கள். சீனா கழிவுக் காகித இறக்குமதியை 2021 முதல் அடியோடு நிறுத்தியது. அங்குள்ள பெட்டி ஆலைகளுக்கு நார் தட்டுப்பாடு. நாம் பழைய காகிதத்திலிருந்து செய்த பழுப்பு நிற கிராஃப்ட் காகிதம் அங்கே குவிந்தது. அடுத்தவன் கதவைத் திறந்ததால் வந்த வளர்ச்சி, அவன் சாத்தினால் நின்றுவிடும்.

மறுபக்கமும் உண்டு. 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தால் காகிதத்தின் மீதான சுங்கவரி படிப்படியாக நீங்கியது. இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளின் காப்பியர் காகிதத்துக்கு 2018இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டி வந்தது. அப்படியும் 2023-24இல் நம் காகித இறக்குமதி சுமார் 19 லட்சம் டன்.

ஆகவே நண்பர்களே, ஏற்றுமதி உயர்ந்தது என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: நார் யாருடையது? டன்னுக்கு என்ன விலை? வாங்குபவர் எத்தனை பேர்? இந்தோனேசியாவிடம் நார் இருந்தது, நிதானம் இல்லை. நம்மிடம் நிதானம் உண்டு, நார் போதவில்லை. சக்கையிலும் சவுக்கிலும் பழைய நோட்டுப் புத்தகத்திலும் அந்த நாரைத் தேடி, குறைந்த நீரில், குறைந்த மின்சாரத்தில் நல்ல காகிதம் செய்வது டிப்ளமோ படித்த நம் கைவேலை.