டெல்லிப் புகையும் மாமாவும்

கேள்வி: பட்டாசு மாசு பற்றி வாய் திறந்தாலே, "நீ டெல்லிக்காரன் பக்கமா?" என்று சண்டைக்கு வருகிறார் மாமா. எப்படிப் பேசுவது?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: டெல்லிப் புகையை விடுங்கள், அது மாமாவின் மூக்குக்கு எட்டாது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்ததை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க மாட்டார். நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கத் தடை போட்டபோது, அடி விழுந்தது அதைக் கொண்டு கம்பி மத்தாப்பும் சக்கரமும் செய்யும் கைகளுக்கு. வாகனப் புகைக்கு இவ்வளவு கண்டிப்பு உண்டா என்று மாமா கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பேரியம் தூளை முதலில் சுவாசிப்பவர் டெல்லிக்காரர் அல்ல, கலக்குபவர். தேர்தல் நேரத்தில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.