வாத்துக் குஞ்சு வெளிவர எப்போது உதவலாம்?

நாட்டு வாத்து முட்டை பொரிய 28 நாள். மஸ்கோவி என்றால் 35. கடைசி மூன்று நாள் முட்டைகளைத் திருப்ப வேண்டாம். இன்குபேட்டர் தட்டில் தண்ணீரைக் கூட்டி, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

முதல் விரிசலைப் பார்த்ததும் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள். ஓட்டைக் கொத்திய பிறகும் குஞ்சு 24 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் அப்படியே கிடக்கும். உள்சவ்வின் ரத்தத்தையும் மீதமுள்ள மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்தே இறந்துவிடும். மூடியை அடிக்கடி திறந்தாலும் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாளுக்கு மேலாகியும் விரிசல் பெரிதாகவில்லை, சவ்வும் பழுப்பேறிக் காய்ந்துவிட்டது என்றால் மட்டும் கை வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஒற்றுங்கள். மூக்குத் துவாரத்தில் நீர் படவே கூடாது. அகன்ற முனைப் பக்கம் ஓட்டைச் சிறிது சிறிதாகக் கிள்ளுங்கள். சிவந்த ரத்தநாளம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, சில மணி நேரம் மறுபடி இன்குபேட்டரில் வையுங்கள். தலை விடுபட்டால் போதும். மீதி ஓட்டைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும்.