மலை மேல லேப்டாப்புக்கு நெட்: கொல்லிமலையில் உங்கள் போன்தான் வைஃபை

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரம் வந்தாச்சு. இனி 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு ஏற ஏற காது அடைக்கும், காற்று குளிரும், போனில் சிக்னல் கோடுகளும் ஒன்னொன்னா குறையும். சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ரெண்டு நாள் போன் பேசாம இருந்தா நல்லதுதானே!

ஆனால் எல்லோரும் சுற்றுலாவுக்கு வருவதில்லை. சமவெளியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி விடுமுறைக்கு வளப்பூர் நாட்டில் உள்ள வீட்டுக்கு வருகிறார். அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்கு இன்று இரவு 11.59-தான் கடைசி. சான்றிதழ்கள் எல்லாம் லேப்டாப்பில் இருக்கின்றன. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. பையில் இருப்பது ஒரு போன், அவ்வளவுதான். வேலை விஷயமாக மலைக்கு வந்து, திடீரென ஒரு ஃபைல் அனுப்பச் சொல்லி அழைப்பு வருகிறவருக்கும் இதே நிலைமைதான். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைக்கும்போது, நடுவில் ஒரு இணைப்பு அல்ல, இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. டவரில் இருந்து போனுக்கு ஒன்று. போனில் இருந்து லேப்டாப்புக்கு இன்னொன்று. லேப்டாப்பின் மூலையில் தெரியும் விசிறி மாதிரியான வைஃபை குறி, இரண்டாவது இணைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. போன் பக்கத்திலேயே இருந்தால் அந்த விசிறி முழுசாகத் தெரியும். டவர் சிக்னல் சுத்தமா இல்லாட்டியும் அப்படியேதான் தெரியும். "வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா எதுவும் திறக்க மாட்டேங்குது" என்று பலர் லேப்டாப்பை அணைத்து அணைத்துப் போடுவது இதனால்தான். கோளாறு லேப்டாப்பில் இல்லை, முதல் இணைப்பில் இருக்கிறது.

இது புரிந்துவிட்டால் ஒரு நல்ல வழி கிடைக்கும். போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் போனை வையுங்கள். உட்கார வசதியான இடத்தில் லேப்டாப்பை வையுங்கள். ஜன்னல் விளிம்பு, திண்ணை, மாடி என்று போனை வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். காரில் இருந்தால், சுற்றிலும் உலோகம். போனை டேஷ்போர்டு மேலேயோ கண்ணாடி ஓரத்திலோ வையுங்கள். சீட்டுக்கு அடியில் பையில் போட்டுவிட்டு நெட் வரலைன்னு சொல்லக் கூடாது!

எந்த ஜன்னல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடுகளை நம்ப வேண்டாம், அவை போனுக்குப் போன் வேறு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் பாருங்கள் (மாடலைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும்). அங்கே மைனஸ் குறியோடு ஒரு எண் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாக ஓடும். மைனஸ் 110-ஐத் தாண்டினால் திணறும். மைனஸ் 120 என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து இந்த எண்ணைப் பார்த்தால், ஐந்து நிமிடத்தில் நல்ல மூலை தெரிந்துவிடும்.

மலையில் ஏன் இப்படி?

டவர் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு குன்று வந்தால் அதன் மறுபக்கம் நிழல் மாதிரி ஆகிவிடும். அறப்பளீஸ்வரர் கோயிலில் இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் இது நேரடியாகத் தெரியும். சுற்றிலும் பாறைச் சுவர்கள் நிற்கும் பள்ளத்தாக்கு அது. அங்கே போய் ஃபைல் அனுப்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அப்படியானால் சமவெளி தெரியும் காட்சிமுனைக்குப் போனால் அருமையாகக் கிடைக்குமா? சில நேரம் கிடைக்கும், சில நேரம் ஏமாற்றும். கீழே இருக்கிற ஏகப்பட்ட டவர்களை உங்கள் போன் ஒரே நேரத்தில் பார்க்கும். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே பலத்தில் இருப்பதால், ஒன்றின் அலை மற்றொன்றுக்கு இடைஞ்சல். போனும் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கோடு நிறைய இருக்கும், நெட் ஓடாது. அந்த இடத்தில் இருந்து ஐம்பது அடி உள்ளே தள்ளி, ஒரு பக்கம் மறைப்பு இருக்கிற இடத்துக்கு வந்தால் சரியாகிவிடும் வாய்ப்பு உண்டு. பொதுவாக செம்மேடு, சோளக்காடு மாதிரி கடைத்தெரு உள்ள ஊர்களில் முதலில் முயற்சி செய்வது நல்லது.

மூடுபனி வந்தா சிக்னல் போயிடும் என்று சிலர் சொல்வார்கள். போன் பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி அவ்வளவாகப் பாதிக்காது. மழையும் பனியும் வரும் நாட்களில் மின்சாரமும் போகும், டவரின் பேட்டரியும் தீரும். பெரும்பாலும் காரணம் அதுதான். அதனால் மேகம் கறுக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள், உங்கள் லேப்டாப்பையும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் வருது, ஃபைல் போகலை

மலையில் அதிகம் கேட்கும் புகார் இது. டவர் பல வாட் சக்தியில் அனுப்புகிறது. உங்கள் 4ஜி போனின் அதிகபட்ச சக்தி பொதுவாக 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. டவர் கத்துவது உங்களுக்குக் கேட்கும். நீங்கள் முணுமுணுப்பது அங்கே கேட்காது. அதனால் இறக்குவது நடக்கும், ஏற்றுவது தடுமாறும். விண்ணப்பம் என்றாலே ஏற்றுவதுதானே!

இதோடு தினசரி டேட்டா அளவும் சேர்ந்துகொள்ளும். பல ரீசார்ஜ் திட்டங்களில் அன்றைய அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். அந்த வேகத்தில் 1 எம்பி ஃபைல் போக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 எம்பி சான்றிதழ் என்றால் நாலு நிமிடத்துக்கு மேல். அதற்குள் இணையதளமே "நேரம் முடிந்தது" என்று உங்களை வெளியே தள்ளிவிடலாம். அதே சான்றிதழை 200 கேபி-க்குச் சுருக்கி வைத்திருந்தால் 25 நொடி போதும். ஆகவே சுருக்கும் வேலையை அடிவாரத்திலேயே, நல்ல நெட் இருக்கும்போதே முடியுங்கள். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் எல்லாம் அந்தந்தத் தளம் கேட்கும் அளவில் ஒரு ஃபோல்டரில் தயாராக இருக்கட்டும். படிவத்தில் நிரப்ப வேண்டிய விவரங்களையும் நோட்பேடில் தட்டி வைத்துக்கொண்டால், மேலே போய் காப்பி எடுத்து ஒட்டினால் போதும்.

இன்னொரு திருடன் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறான். ஹாட்ஸ்பாட்டைப் பார்த்ததும் விண்டோஸ் அதை வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொள்ளும். அப்டேட் இறக்கும், கிளவுடில் போட்டோ ஏற்றும். நீங்கள் படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கும்போதே அன்றைய டேட்டா காலி. இதைத் தடுக்க, வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்யுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஓடினால் பாஸ் செய்யுங்கள். மேக் லேப்டாப்பில் இதே வேலைக்கு "லோ டேட்டா மோட்" இருக்கிறது.

இணைப்பது எப்படி?

மூன்று வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது யுஎஸ்பி கேபிள். போனை லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் "யுஎஸ்பி டெதரிங்" போட்டால் முடிந்தது. பாஸ்வேர்டு வேண்டாம், போனுக்கும் சார்ஜ் ஏறும், பக்கத்து அறைக்காரர் உங்கள் டேட்டாவில் படம் பார்க்கவும் முடியாது. வெறும் சார்ஜ் ஏற்றும் கேபிள் சிலவற்றில் டேட்டா கம்பி இருக்காது. செருகியும் டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

போன் ஜன்னலிலும் லேப்டாப் மேசையிலும் இருக்க வேண்டுமென்றால் வைஃபை ஹாட்ஸ்பாட். இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். போனில் ஹாட்ஸ்பாட் ஆன், ஆனால் லேப்டாப்பில் பெயரே காட்டாது. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். புதிய போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அவற்றுக்குக் காது கேட்காது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்ட் என்ற இடத்தில் 2.4-க்கு மாற்றுங்கள், ஐபோனில் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்யுங்கள். 2.4 சுவர்களையும் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்கள். மூன்றாவது வழியான புளூடூத் மெதுவானது, மற்ற இரண்டும் கைவிட்டால் மட்டும்.

சிம் விஷயம்

மலைக்கு வரும் முன்பே, உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள். டிராய் விதியின்படி நிறுவனங்கள் இதை வெளியிட வேண்டும். அடுத்த ஊரில் இல்லாத சிக்னல் இந்த ஊரில் இருக்கலாம். உங்கள் சிம்முக்கு இல்லாதது நண்பர் சிம்முக்கு இருக்கலாம். போனில் இரண்டு சிம் இடம் இருந்தால் இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருப்பது நல்லது. 5ஜி-க்கும் 4ஜி-க்கும் நடுவே போன் ஊசலாடினால், 4ஜி-யில் நிறுத்திவிடுங்கள்.

2025 ஜனவரி 17 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு வசதியைத் தொடங்கியது. டிஜிட்டல் பாரத் நிதியில் அமைந்த 4ஜி டவர்களை, பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தலாம். டவர் ஒரு நிறுவனத்துடையது, சிம் இன்னொன்றுடையது என்றாலும் வேலை செய்யும். அந்த நிதியில் அமைந்த டவர்களுக்கு மட்டும்தான் இது. இது கிடைக்க, போனில் நெட்வொர்க் தேர்வு "ஆட்டோமேட்டிக்" ஆக இருக்கட்டும்.

ஓடிபி எந்த சிம்முக்கு வரும் என்பதையும் முன்பே யோசியுங்கள். டேட்டா ஒரு சிம்மில், ஓடிபி இன்னொன்றில் என்றால் அந்தச் சிம்முக்கும் அந்த மூலையில் சிக்னல் வேண்டும். இன்னொரு சிம்மில் அழைப்பு வந்து எடுத்தால், பல போன்களில் ஹாட்ஸ்பாட் நெட் அப்படியே நின்றுவிடும். சப்மிட் அழுத்தும் நேரத்தில் அத்தை அழைத்தால், பத்து நிமிடம் கழித்துப் பேசலாம்!

கட்டணம் நடுவில் அறுந்தால்

பணம் கணக்கில் போயிற்று, தளத்தில் பதிவாகவில்லை. உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முதலில் விண்ணப்பத்தின் கட்டண நிலையைப் பாருங்கள். பல அரசுத் தளங்களில் அதற்கெனத் தனிப் பொத்தான் இருக்கும். யுபிஐ-யில் கட்டி, பெறுபவருக்கு உறுதி வராமல் போனால், 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு சுற்றறிக்கை சொல்கிறது. கடைசி நாளில் அந்த 5 நாள் உங்களிடம் இருக்காது என்பதுதான் பிரச்சினை. ஆகவே கட்டணப் பக்கத்துக்கு மட்டுமாவது நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் இ-சேவை மையம் இருக்கிறது. மூடும் நேரத்துக்கு முன் போக வேண்டும். அதனால் அதை மாலை ஏழு மணிக்கு யோசிக்காமல் காலையிலேயே யோசியுங்கள்.

விடுதி வைஃபை, கடை வைஃபை

தங்கும் விடுதியில் வைஃபை இருந்தால் பெயரை வரவேற்பில் கேட்டு உறுதி செய்யுங்கள். அதே மாதிரி பெயரில் வேறொருவர் ஹாட்ஸ்பாட் போட்டு வைப்பது பழைய தந்திரம். இணைந்த பின் லாகின் பக்கம் வரவில்லை என்றால், விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டு, பூட்டுக் குறி இல்லாத, அதாவது எச்டிடிபி என்று மட்டும் தொடங்கும் ஏதாவது ஒரு தள முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் பக்கம் வந்துவிடும். விண்டோஸ் கேட்கும்போது "பப்ளிக் நெட்வொர்க்" என்றே தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் சிவப்பில் எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

பழைய எஸ்டிடி பூத் ஞாபகம் இருக்கிறதா? அதே யோசனையில், சிறு கடைக்காரரும் உரிமம் வாங்காமல் வைஃபை சேவை தரலாம் என்று 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம்தான் பிஎம்-வாணி. அதற்கான செயலி ஒன்றைப் போனில் போட்டுவைத்தால், அருகில் அப்படி ஒரு கடை இருக்கிறதா என்று காட்டும்.

அறையைக் காலி செய்யும்போது விடுதி வைஃபையை லேப்டாப்பில் "ஃபர்கெட்" செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் எங்கே வைஃபை தெரிந்தாலும் லேப்டாப் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பணம் ஏமாந்ததாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பயணத்தில் விபத்து, அவசரம் என்றால் 112. உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அந்த அழைப்பு போகும்.